‘டெஃபினட்லி’ சொல்லிச் சொல்லி வாங்கிய 330

பிரிட்டனில் நர்ஸ் வேலைக்காக எழுதிய ஓஇடி, அதாவது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வின் முடிவு வந்தது. லிசனிங் 380, ரீடிங் 360, ரைட்டிங் 320. மூன்றும் போதும், ரைட்டிங்குக்குக் கேட்பது கொஞ்சம் குறைவு. ஸ்பீக்கிங் மட்டும் 330, சி பிளஸ். பிரிட்டனின் நர்சிங் கவுன்சிலான என்எம்சி, ஸ்பீக்கிங்கில் பி கிரேடு, அதாவது 350 கேட்கிறது. இருபது மதிப்பெண்ணில் எல்லாம் நின்றுபோனது. வார்டில் நாள் முழுக்க நோயாளிகளோடு பேசியே தொண்டை கட்டிப்போகிறவளுக்குப் பேச்சில்தான் மார்க் குறைந்ததென்றால் வயிறு எரியாதா?

கோச்சிங் சென்டருக்குப் போய்க் கேட்டேன். ரிசப்ஷனில் இருந்தவர் மார்க்கைப் பார்க்கக்கூட இல்லை. “ஆக்சென்ட் பிராப்ளம் மேடம். ஆக்சென்ட் பேட்ச் தனியா இருக்கு” என்று கட்டண விவரத்தை நீட்டினார். வகுப்பெடுத்த சார், “கான்ஃபிடன்ஸ் பத்தலம்மா, இன்னும் போல்டா பேசணும்” என்றார். போல்டாகப் பேசித்தான் 330 வந்தது என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அங்கே சேர்ந்த முதல் வாரமே ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுப்பார்கள். மனப்பாடம் செய்ய வேண்டிய வாக்கியங்கள். “டோன்ட் வொரி, யூ வில் டெஃபினட்லி பி ஆல்ரைட்”, “ஐ ஆம் ஹண்ட்ரட் பர்சன்ட் ஷ்யூர்”, “வித்தவுட் எனி டவுட்”, இந்த ரகம். ‘மே பி’, ‘மைட்’ எல்லாம் பயந்தாங்கொள்ளிகள் பேசுவது, சொன்னால் மார்க் போகும் என்பது சாரின் சித்தாந்தம். ஒவ்வொரு வாக்கியத்தையும் “ஓகே?” என்று முடிக்கவும் பழக்கினார்கள்.

தேர்வு எப்படி நடக்கும் என்று இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்: ஐந்து ஐந்து நிமிடத்தில் இரண்டு ரோல்பிளே, ஒவ்வொன்றுக்கும் முன்னால் சூழ்நிலை எழுதிய அட்டையைப் படிக்க மூன்று நிமிடம். எதிரில் நோயாளியாக நடிப்பவர் மார்க் போடுவதில்லை. பதிவைக் கேட்டு வேறு ஆட்கள் போடுகிறார்கள். அவர்கள் பார்ப்பது உச்சரிப்பும் இலக்கணமும் மட்டும் இல்லை. நோயாளியின் கவலையைப் புரிந்துகொண்டாயா, தகவலை ஒழுங்காகச் சொன்னாயா, உறவை எப்படி வளர்த்தாய் என்று தனியாக ஒரு வரிசையே இருக்கிறது. அந்தப் பாதியைப் பற்றி எங்கள் வகுப்பில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு வழி காட்டியது எங்கள் ஊர் அக்கா ஒருத்தி. திருநெல்வேலிப் பக்கம், இப்போது மான்செஸ்டரில் வார்டு நர்ஸ். நான் பயிற்சியில் பேசியதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாள். கேட்டுவிட்டுக் கூப்பிட்டாள். “ஏட்டி, நீ நர்ஸா, ஜோசியக்காரியா? ஆபரேஷன் நல்லா முடியும்னு உனக்கு எவன் சொன்னான்?”

அந்த ஒரு கேள்வியில் பாதி விளங்கிவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் போகும் நோயாளி பயப்படுகிறார். நான் “யூ வில் டெஃபினட்லி பி ஆல்ரைட்” என்கிறேன். அங்கே இது வெற்று ஆறுதல். நோயாளியின் கேள்வியை மூடிவிடும் பேச்சு. நம்மூரில் அப்படி இல்லை. கல்யாணப் பத்திரிகை வைப்பவரிடம் “கண்டிப்பா வந்துடறேன்” என்போம். வரமாட்டோம் என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் அதுதான் மரியாதை. அந்தக் ‘கண்டிப்பா’வைத்தான் ஜெராக்ஸ் தாள் ‘டெஃபினட்லி’ என்று எங்கள் வாயில் ஊட்டியிருந்தது.

அக்கா ஒரு நோயாளியாக நடித்தாள். (தேர்வில் வந்த அட்டையை வெளியே சொல்லக் கூடாது, இங்கே வரும் உதாரணங்கள் எல்லாம் வீட்டில் பயிற்சி செய்தவை.) ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் ஆரம்பித்திருக்கிறார், சில வாரமாக வறட்டு இருமல், மாத்திரையால்தானா என்று கேட்கிறார். அந்த வகை மாத்திரைக்கு வறட்டு இருமல் தெரிந்த பக்க விளைவுதான். என் பழைய பதில்: “யெஸ், டெஃபினட்லி பிகாஸ் ஆஃப் த டேப்லட், டோன்ட் வொரி.” அக்கா சொல்லிக் கொடுத்தது: “இட் குட் (could) வெல் பி த டேப்லட்”, மாத்திரையால் இருக்கலாம் என்று. அதன் பின்னால் மூச்சு விடாமல் இரண்டு உறுதியான வாக்கியம்: “ப்ளீஸ் டோன்ட் ஸ்டாப் இட் ஆன் யுவர் ஓன். ஐ வில் ஸ்பீக் டு த டாக்டர் திஸ் மார்னிங்.”

வித்தியாசம் புரிகிறதா? இருமலின் காரணம் என் கையில் இல்லை, அதனால் ‘குட்’. மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது என்பதும், டாக்டரிடம் நான் பேசப்போகிறேன் என்பதும் எனக்குத் தெரிந்தவை, அதனால் அங்கே ‘குட்’டும் இல்லை, ‘ஷ்யூர்’ரும் இல்லை, நேரடியாகச் சொல்லிவிட வேண்டியதுதான். ஆங்கிலத்தில் மிக உறுதியான வாக்கியம் எந்த அலங்காரமும் இல்லாததுதான் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. “த டாக்டர் வில் சீ யூ அட் ஃபோர்” என்றால் நான்கு மணிக்கு ஏற்பாடாகிவிட்டது. “ஐ ஆம் ஷ்யூர் த டாக்டர் வில் கம்” என்றால் இவளுக்கு நேரம் தெரியாது, நம்மைச் சமாளிக்கிறாள் என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார்.

‘குட்’டுக்கும் முழு உறுதிக்கும் நடுவில் இருப்பவைதான் உண்மையில் அதிகம் உதவின. ‘ஷுட்’ எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. “த பெயின் ஷுட் ஈஸ் இன் எ டே ஆர் டூ.” வழக்கமாக அப்படித்தான் நடக்கும், நடக்காவிட்டால் சொல்லுங்கள் என்ற அர்த்தம் உள்ளேயே இருக்கிறது. ‘மஸ்ட்’டை எங்களுக்குக் கட்டளைக்கு மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: “யூ மஸ்ட் டேக் த டேப்லட்.” போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கும். “யூ மஸ்ட் பி எக்ஸாஸ்டட், லுக்கிங் ஆஃப்டர் ஹிம் ஆல் நைட்” என்று சொல்லிப் பாருங்கள், நோயாளியின் மனைவியே உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

தாளில் இருந்ததிலேயே ஆபத்தானது ‘ஷ்யூர்லி’. நாம் இதை ‘கட்டாயம்’ என்ற பொருளில் வீசுகிறோம். பிரிட்டனில் கேள்வியோடு வந்தால் அது குத்தல்: “ஷ்யூர்லி யூ டோல்ட் யுவர் டாக்டர்?” என்றால், ‘டாக்டரிடம் சொல்லாமலா இருந்தாய்?’ என்று கடிந்துகொள்வது. அடுத்தது ‘டவுட்’. நம் பள்ளிக்கூடங்களில் கேள்வி கேட்பதற்கே “டவுட் இருக்கு சார்” என்போம். என்னோடு படித்த பெண் ஒருத்தி மாக் டெஸ்டில், நோயாளியின் மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு, “ஐ ஹாவ் எ டவுட் அபவுட் திஸ்” என்றாள். அவள் கேட்க நினைத்தது, காலையிலா இரவிலா என்பதுதான். நிஜ நோயாளியாக இருந்தால் மருந்தே தப்பு என்று எழுந்து உட்கார்ந்திருப்பார். “கேன் ஐ ஜஸ்ட் செக் சம்திங் வித் யூ?” போதும்.

அந்த “ஓகே?”யை விடத்தான் பாடுபட்டேன். சொன்ன தகவல் சரிதானா என்று நோயாளியிடமே அனுமதி கேட்பது மாதிரி குரல் கடைசியில் மேலே ஏறும். வாக்கியம் முடியும்போது குரலை இறக்கி, ஒரு நொடி சும்மா இருக்க வேண்டும். அக்கா போனில் ஒவ்வொரு “ஓகே?”க்கும் மேஜையைத் தட்டுவாள். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் போய்விட்டது. இதற்கு ஆக்சென்ட் பேட்ச் எதுவும் தேவைப்படவில்லை. போனில் பதிவு செய்து, எத்தனை ‘டெஃபினட்லி’, எத்தனை ‘ஓகே’ என்று எண்ணிப் பாருங்கள், காசு செலவில்லை.

மறுபடி பதிவு செய்யும்போது ஒரு எச்சரிக்கை. முதல் தடவை கோச்சிங் சென்டரே விண்ணப்பத்தை நிரப்பி, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பார்த்து இனிஷியலோடு பெயரைப் போட்டுவிட்டது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. தேர்வுக்கு முன்னால் மெயில் மேல் மெயில் போட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து நீங்களே நிரப்புங்கள். அன்று கொண்டுபோக வேண்டியதும் அசல் பாஸ்போர்ட்தான். ஜெராக்ஸைக் காட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்த ஒருவரை வாசலில் பார்த்தேன். என்எம்சி இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்ணைச் சேர்த்துக்கொள்ளவும் விடுகிறது, ஆனால் அதற்குக் காலக்கெடுவும் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் உண்டு. அவர்கள் தளத்தில் படித்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

இந்த முறை ஸ்பீக்கிங் 370.

வேலைக்கான வீடியோ நேர்காணலில் இதே விஷயம் இன்னொரு வேஷத்தில் வந்தது. “ஆர் யூ கான்ஃபிடன்ட் வித் கேனுலேஷன்?” ஐவி ஊசி போடுவது எனக்குத் தினப்படி வேலை, தூக்கத்தில்கூடப் போடுவேன். ஆனால் அங்கே போனதும் அந்த மருத்துவமனை பார்த்துத் தகுதி என்று கையெழுத்திடும்வரை போடக் கூடாது. “ஐ டூ இட் எவ்ரி டே. ஐ வுட் நீட் டு பி சைன்ட் ஆஃப் அண்டர் யுவர் பாலிசி ஃபர்ஸ்ட்” என்றேன். அந்த அம்மாள் தலையாட்டி ஏதோ எழுதிக்கொண்டார். மருந்தளவு சந்தேகமாக இருந்தால் என்ன செய்வாய் என்று அடுத்த கேள்வி. “ஐ வுட் நாட் கிவ் இட் அன்டில் ஐ ஹாவ் செக்ட் த பிஎன்எஃப் அண்ட் ஸ்போக்கன் டு த டாக்டர்.” பிஎன்எஃப் என்பது அங்கே எல்லா வார்டிலும் புரட்டும் மருந்துக் கையேடு. தெரியாததைத் தெரியாது என்று குரல் நடுங்காமல் சொன்னதுதான் அன்று நான் பேசியதிலேயே போல்டான வாக்கியம். வேலை உத்தரவு மெயிலில் வந்துவிட்டது.

போன வாரம் கோச்சிங் சென்டரிலிருந்து போன். ஃப்ளெக்ஸ் பேனரில் போட என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் மார்க் ஷீட்டும் வேண்டுமாம். எந்த மார்க் ஷீட் என்று கேட்டேன். புதுசு என்றார்கள். பழையது வேண்டுமானால் அனுப்புகிறேன் என்றேன். வைத்துவிட்டார்கள்.