நாய்க்கு நல்ல டாக்டர்: முதல் தடவையிலேயே கவனிக்க வேண்டியவை

நாய் நன்றாக இருக்கும்போதே கிளினிக்கைப் பார்த்து வையுங்கள். நள்ளிரவு வாந்திக்கு நடுவே தேடினால் கிடைப்பதுதான் கிடைக்கும். சென்னையில் வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் அதிகம், ஆனால் பல துறை நிபுணர்களும் ஒரே இடத்தில்.

எடை போடாமல் ஊசி எடுக்கும் இடம் வேண்டாம். மருந்தளவே கிலோ கணக்கில்தான். காய்ச்சலைத் தொட்டுப் பார்த்துச் சொல்லக் கூடாது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்க வேண்டும். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. (மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பதெல்லாம் கதை.) ஈறு வெளுத்து, சோர்ந்து, உண்ணியும் இருந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் வழக்கமாக 28 நாள். நாய் தேறிவிட்டதென்று பத்தாம் நாள் நிறுத்துவதால்தான் பல நாய்களுக்குத் திரும்ப வருகிறது.

ரத்தபேதியாகும் குட்டியை மற்ற நாய்களோடு உட்கார வைத்தால் பார்வோ என்ற வைரஸ் நோய் பரவும். தனி அறை உண்டா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

பயந்த நாயை மேசைமேல் இழுத்துப் போடாமல், டாக்டர் தானே தரையில் உட்கார்ந்து பார்க்கிறாரா? அவரை விட்டுவிடாதீர்கள். கிளினிக்குக்குப் போகும் முன் வீட்டிலிருக்கும் ஐபுப்ரோஃபன் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். அது நாய்க்கு விஷம்.