'கிராம மக்கள்' என்று மாற்றியது நான்தான்

மாவட்டப் பக்கத்தில் அந்தச் செய்தி மொத்தம் எட்டு வரி. நிருபர் அனுப்பியதில் 'காலனி மக்கள் காலிக்குடங்களுடன் மறியல்' என்று இருந்தது. 'காலனி'யை எடுத்துவிட்டு 'கிராம' என்று போட்டேன். 'ஊருக்குள் தினமும் தண்ணீர் வருகிறது' என்ற கடைசி வரி இடத்துக்கு மிஞ்சியது. அதையும் வெட்டினேன். பக்கம் போய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் வந்து உட்கார்ந்ததும் போன்.

"சார், கிராம மக்கள்னு போட்டிருக்கீங்க. யாரு சார் அது?"

"உங்க ஊர்க்காரங்கதாங்க."

"ஊர்க்காரங்க ஒருத்தர்கூட ரோட்டுக்கு வரலையே சார். உட்கார்ந்தது நாங்க."

"எல்லாரையும் சேர்த்துத்தாங்க அப்படிப் போடறது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் "சரிங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். பத்திரிகைக்காரன் வாங்காத திட்டா?

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்குச் சில மாதம் முன்பு வேறொரு ஊரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "காலனி காலனின்னு ஏன் சார் எழுதுறீங்க, அதுக்கு அர்த்தம் என்னன்னு ஊருக்கே தெரியும்" என்று சங்கடப்பட்டார். அதை மனதில் வைத்துத்தான் மாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பலரிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அன்று ராத்திரி முகம் தெரியாத அவருடைய குரல் என் ஞாபகத்தில் இருந்ததா என்று கேட்டால், தெரியவில்லை. பக்கம் முடிக்கிற நேரம். 'கிராம மக்கள்' என்பது கை தானாகப் போடுகிற சொல்.

போனில் நான் சொன்ன 'உங்க ஊர்க்காரங்க' அதைவிட மோசம். நானும் கிராமத்தில் பிறந்தவன், ஊர்ப் பக்கத்துத் தெருவில். 'ஊர்க்காரங்க' என்றால் எதுவரைக்கும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. திருவிழா நோட்டீசில் 'இங்ஙனம், ஊர்ப் பொதுமக்கள்' என்று அச்சடிப்போம். யாரிடம் தலைக்கட்டு வரி வாங்கினோமோ அவர்கள்தான் அந்தப் பொதுமக்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரி கேட்டுப் போனதில்லை.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. சோழர் காலத்தில் நிலம் உடையவர்கள் கூடும் அவைக்கே 'ஊர்' என்றுதான் பெயர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரி நீக்கிய நிலங்களைக் கணக்கிடும்போது ஊரார் வீடுகள் இருந்த ஊர்நத்தம் தனி, கம்மாளர்கள் இருந்த கம்மாணச்சேரி தனி, பறைச்சேரி தனி. ஆயிரம் வருடமாகப் பிரித்து எழுதி வந்ததை நான் ஒரே ராத்திரியில் சேர்த்துவிட்டேன், அதுவும் செய்தித்தாளில் மட்டும். சிலப்பதிகாரத்தில் 'புறஞ்சேரி இறுத்த காதை' என்று ஒரு பகுதி உண்டு. அங்கே சேரி என்றால் வெறும் குடியிருப்புதான். பின்னால் அந்தச் சொல் கெட்டது. அதற்குப் பதிலாகக் 'காலனி' வந்தது, அதுவும் கெட்டது.

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நான் அன்றே செய்ததுதானே இது! ராத்திரி படுத்த பிறகு அந்த "சரிங்க சார்" திரும்ப வந்தது. அவர் என்னிடம் சொல்லைப் பற்றியா பேசினார்? தங்கள் பக்கம் தண்ணீர் வரவில்லை என்கிறார். யார் பக்கம் என்று அந்தச் செய்தியைப் படித்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வெட்டிய கடைசி வரியை வைத்துக்கொண்டு வேறெதையாவது வெட்டியிருக்கலாம். பகுதி என்றோ தெருவின் பெயரையோ போட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை. இப்போதும் அதே அவசரத்தில் தோன்றுமா என்பது சந்தேகம்தான்.

செய்தி வந்ததால் பலன் இருந்தது என்று நிருபர் சொன்னார். "ஆபீசருங்க நேர்ல வந்துட்டாங்கண்ணே. ஊருக்குள்ள, கோவில் வாசல்ல வெச்சுப் பேசினாங்க." ரோட்டில் உட்கார்ந்தவர்கள் அங்கே வந்தார்களா என்று நான் கேட்கவில்லை. அந்தச் செய்திக்கும் தலைப்பு போட்டது நான்தான்: 'கிராம மக்களுடன் அதிகாரிகள் பேச்சு.'