தும்பின் நிறம் தண்ணீரில்தான்

தும்பு, அதாவது தேங்காய் நார், நல்ல பொன்நிறமாக வர வேண்டுமென்றால் தண்ணீரில் ஊறப்போட 10, 11 மாதக் காயின் பச்சைக் கதம்பை (தேங்காய் மட்டை) வேண்டும். கொப்பரைக்கென்று விட்ட 12 மாத நெற்றின் கதம்பை இயந்திரத்தில் நார் எடுக்கும் தும்பு ஆலைக்குத்தான் ஆகும். இரண்டையும் கலந்து போட்டால் ஒன்று ஊறி முடியும்போது மற்றது பாதியில் நிற்கும். பாரையில் (நட்டுவைத்த கூர் இரும்பில்) உரித்த கதம்பையை இரண்டு மூன்று நாளுக்குள் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும். வெயிலில் காய்ந்து பழுப்பேறினால் பிறகு எத்தனை மாதம் ஊறினாலும் அது போகாது.

தண்ணீர் உப்புக் கலந்ததாக, கடலோடு சேர்ந்து ஏறி இறங்குவதாக இருக்க வேண்டும். குமரி மாவட்டத்தில் மணக்குடிக் காயலோரமும் தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாய்க் கரையும் இந்த வேலைக்கு வாய்த்தது அதனால்தான். நாரை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையை நுண்ணுயிர்கள் தின்னும். கதம்பையிலிருந்து இறங்கும் கறையை ஓதம் (கடல் ஏற்ற இறக்கம்) வெளியே கொண்டுபோகும். தேங்கிய தண்ணீரில் அந்தக் கறை நாரிலேயே திரும்ப ஏறி, தும்பு கறுத்துவிடும். ஊறும்போது வரும் அழுகின முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவினுடையது. மீனுக்கு இது ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் கதம்பை ஊறப்போடக் குழி வெட்டுவது அநியாயம்.

கதம்பையை வலையில் கட்டி, மேலே ஓலையும் சேறும் ஏற்றி முழுக்க அமுக்க வேண்டும். மிதக்கும் பாகம் ஊறாது. 8 முதல் 10 மாதம் கழித்து, ஓரத்தில் இருப்பதை விட்டுவிட்டு நடுவிலிருந்து ஒன்றை எடுத்துப் பாருங்கள். நகத்தால் நெம்பினால் மேல்தோல் ஒரே பட்டையாகக் கழன்று வர வேண்டும். பிழிந்தால் உள்ளே நாருக்கு இடையில் இருக்கும் சோறு (தூள் போன்ற சதை) நனைந்த மாவு போல விரலிடுக்கில் வழிய வேண்டும். தோல் துண்டு துண்டாகப் பிய்ந்தால் இன்னும் ஆகவில்லை. அவசரப்பட்டு அடித்தால் அடிக்கிற கட்டை சோற்றைப் பிரிக்காது, தும்பைத்தான் முறிக்கும்.

தோலை உரித்து, அலசி, அடித்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தணும். உப்பு தங்கினால் ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும். கடும் வெயில் பட்டால் தும்பு மொறமொறத்துவிடும். 1000 கதம்பைக்குச் சுமார் 80 கிலோ தும்பு கிடைக்கும்.

தரம் பிரிக்க ஒரு பிடி எடுத்து வெள்ளைத் துணிமேல் உதறுங்கள். தூள் கொட்டினால் இன்னொரு முறை உதறி எடுக்க வேண்டிய சரக்கு. பிறகு இரு கையிலும் பிடித்து இழுத்து நீளம் பாருங்கள். நீளமும் நிறமும் உள்ளது ராட்டில் கயிறு திரிக்க, குட்டையானது மெத்தைக்கு. நுனி சிவந்து வந்தால் அது மிதந்த கதம்பை, தனியே வையுங்கள். ஒரு கட்டில் நாலு சிவப்பு இழை தெரிந்தாலே வியாபாரி மொத்தக் கட்டுக்கும் விலையைக் குறைப்பார்.

மிச்சச் சோற்றை அப்படியே செடிக்குப் போடாதீர்கள். காயல் உப்பு அதில் நிறைய இருக்கும். ஒரு மழைக்காலம் முழுக்க நனையட்டும்.