டீச்சரின் லாச்சி

டீச்சர் காலமான செய்தி பழைய மாணவர் சங்கக் குழுவில் வந்ததும் எங்கள் ஆண்டுப் பொடியன்கள் வரிசையாகக் கைகூப்பினார்கள். இப்போது எல்லாருக்கும் தலை நரைத்துவிட்டது. பதினெட்டு வயதில் அதில் பாதிப் பேராவது அவவுக்காக இரசாயனவியல் படித்தவர்கள்.

செய்முறையில் இலக்கமிட்ட போத்தலில் இருக்கிற உப்பு எதுவென்று நாங்கள் கண்டுபிடிக்கவேண்டும். டீச்சர் சோதனைக்குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பா. "நைத்திரேற்று இருக்குமே, திரும்பச் செய்." அவ்வளவுதான். உப்பைக் கண்ணாலேயே வாசிக்கிறவ என்று நம்பினோம்.

நைத்திரேற்றைக் காட்டிக்கொடுக்கிற கபில வளையம் எங்களுக்கு லேசில் வராது. உப்புக் கரைசலோடு அப்போதே கரைத்த பெரசு சல்பேற்றைச் சேர்த்து, குழாயைச் சரித்து, செறிந்த சல்பூரிக்கமிலத்தைச் சுவரோடு மெல்ல வழிய விடவேண்டும். பாரமான அமிலம் அடியில் போய் நிற்கும். இரண்டும் தொடுகிற இடத்தில் வளையம். அவசரக்காரன் குலுக்குவான், சூடேறி வளையம் கலைந்துவிடும். சோம்பேறி முதல்நாள் கரைசலை எடுப்பான். அது காற்றுப்பட்டுப் பெரிக்காகி மஞ்சளித்திருக்கும். புரோமைட்டோ அயடைட்டோ இருந்தால் நைத்திரேற்று இல்லாமலே கபிலம் காட்டி ஏய்க்கும். டீச்சர் மட்டும் ஏமாறமாட்டா.

ஒருநாள் சோக்கட்டி எடுக்கப் போனவன் அவவின் மேசை லாச்சியைத் திறந்தான். உள்ளே ஒரு கொப்பி. ஒரு பக்கம் போத்தல் இலக்கம், மறுபக்கம் உப்பின் பெயர். எந்த ஆய்வுகூடத்திலும் அப்படியொரு கொப்பி இருந்தே ஆகும், இல்லாமல் எப்படிப் புள்ளி போடுவது? அந்த வயதில் யார் அதை யோசித்தது! அவ கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற விதம்கூட அன்றிலிருந்து நடிப்பாகத் தெரிந்தது.

அடுத்த செய்முறையில் பழிவாங்கினோம். ஏழாம் போத்தல், ஈய நைத்திரேற்று. குழாயைத் தொடாமலே அவதானம் நிரம்பியது: ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்துக்கு வெள்ளை வீழ்படிவு, சுடுநீரில் கரைந்தது, பொற்றாசியம் அயடைட்டுக்கு மஞ்சள், ஆறும்போது பொன்னாய் மினுங்கும் பளிங்குகள். உலோகங்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கிற சோதனையில், இரண்டாம் கூட்டத்துக்கு நேரே எல்லாரும் "இல்லை" என்று எழுதினோம்.

எல்லாருக்கும் பூச்சியம்.

ஈயக் குளோரைட்டு குளிர்நீரிலும் கொஞ்சம் கரையும். வடித்த பிறகும் மிஞ்சுகிற ஈயம் இரண்டாம் கூட்டத்துக்குப் போய், ஐதரசன் சல்பைட்டு விட்டதும் கறுப்பாக விழும். "செய்தவனுக்குக் கறுப்பு வந்திருக்கும்," என்றா. "இண்டைக்குக் கூழ்முட்டை மணமே வரேல்லையே. அந்த வாயு வாற கிப்பின் உபகரணத்தை ஆரும் திறந்தனீங்களா?"

பிறகு லாச்சியை எங்களுக்கு முன்னாலேயே திறந்து, கொப்பியை மேசையில் வைத்தா. "விடை என்னட்டையும் இருக்கு. நான் கேட்டது அதில்லை."

அடுத்த கிழமை போத்தல் இலக்கங்கள் மாறியிருந்தன. லாச்சிக்குப் பூட்டுப் போடவில்லை. எங்களில் ஒருவரும் திறக்கவுமில்லை, அவவை நிமிர்ந்து பார்க்கவுமில்லை. பரீட்சை முடிந்ததும் ஆளுக்கொரு நாடாகப் புறப்பட்டோம், அவவிடம் சொல்லிக்கொள்ளாமலே. பிறகாவது கடிதம் எழுதியவர் யாரும் இருந்தால் சங்க மலர் தயாரிக்கிற குழுவுக்கு அறிவிக்கலாம். எனக்குத் தெரிந்து ஒருவருமில்லை.