தருமபுரியில் ஒரு டீக்கடை திறக்க ஏழு மாதம்

2023 ஆடிப்பெருக்கு அன்று காலை, பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒகேனக்கல் போகும் பஸ்களும் வேன்களும் பென்னாகரம் சாலையில் விடிவதற்கு முன்பிருந்தே போய்க்கொண்டிருந்தன. அந்தக் கூட்டத்தை நம்பித்தான் அந்த இடத்தையே பிடித்தேன். அன்றைக்கு ஒரு டீ விற்க எனக்கு வழியில்லை. மாதம் 9,000 ரூபாய் வாடகை. ஐந்தாவது மாதத்துக்கும் கொடுத்தாயிற்று. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஓசூரில் ஒன்பது வருடம் கம்பெனி வேலை. சேர்த்த பணத்தில் சொந்த ஊரில் கடை போடலாம் என்று ஒரு டீக்கடை ஃபிரான்சைஸ் எடுத்தேன்; அதாவது ஒரு நிறுவனத்தின் பெயரில் கடை நடத்தும் உரிமை. முன்பணம் 3 லட்சம் என்றார்கள். கட்டும்போதுதான் அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்பது தெரிந்தது. கூடுதலாக 54,000 ரூபாய். உணவகத்துக்கான 5 சதவீத விகிதத்தில் உள்ளீட்டு வரி வரவு, அதாவது நாம் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. ஆகவே அந்தப் பணம் திரும்பி வராது. விலை பேசும்போதே வரியையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

நிறுவனத்தின் ஆள் அடிக்கடி சொன்ன வார்த்தை, "லைசென்ஸ் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம் சார்." பிறகு தங்களுடைய உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் நகலை லேமினேட் செய்து அனுப்பினார்கள். அதைக் கடையில் மாட்டினால் போதும் என்று நானும் நம்பினேன். அது தவறு. உணவு உரிமம் இடத்துக்கு உரியது. எந்தக் கட்டடத்தில் டீ போடுகிறோமோ அந்தக் கட்டடத்தின் முகவரிக்கு, நடத்துகிறவர் பெயரில் தனியாக வாங்க வேண்டும். அவர்களுடைய உரிமம் அவர்கள் தலைமையிடத்துக்கு மட்டுமே செல்லும்.

தொழில் உரிமத்துக்கு முதலில் நகராட்சிக்குப் போனேன். முகவரியில் 'தருமபுரி' என்று இருக்கிறதே என்ற தைரியம். அங்கே சர்வே எண்ணைப் பார்த்துவிட்டு, இடம் நகராட்சி எல்லைக்குள் வராது, பக்கத்து ஊராட்சியில் இருக்கிறது என்றார்கள். சாலையின் இரு பக்கமும் ஒரே மாதிரி கடைகள்; எல்லை கண்ணுக்குத் தெரியாது. நகரத்தை ஒட்டி இடம் பார்க்கிறவர்கள் தபால் முகவரியை நம்பாதீர்கள். அந்தக் கட்டடத்துக்கு வரி யார் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். வரி வாங்குகிறவர்தான் உரிமமும் தர வேண்டும்.

சரி, வரி ரசீதைக் கொடுங்கள் என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டபோதுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்தார். பழைய கல்யாணப் பத்திரிகைகள், ஒரு ரேஷன் அட்டை, ரப்பர் பேண்டு இற்றுப்போய் ஒட்டிக்கொண்ட ரசீதுக் கட்டு. எல்லா ரசீதிலும் அவருடைய கணவர் பெயர். அவர் இறந்தது 2011இல். பன்னிரண்டு வருடமாக இறந்தவர் பெயரிலேயே வரி கட்டி வந்திருக்கிறார்கள். அது மட்டுமல்ல, கட்டடம் குடியிருப்பு என்றே பதிவாகியிருந்தது. முன்பக்க அறைக்கு ஷட்டர் போட்டுக் கடையாக்கியதை யாரும் எழுதி வைக்கவில்லை. மின் இணைப்பும் வீட்டுக் கட்டணத்திலேயே இருந்தது. அதில் கடை நடத்துவது விதிமீறல்.

"தம்பி, இத்தனை வருஷமாக யாரும் கேட்டதில்லையே" என்றார் அந்த அம்மா. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லாதது என் தவறு.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் பதிவு செய்தோம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று அது நகர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஒரு மகன் பெங்களூரில் இருக்கிறார். சான்றிதழ் கிடைத்ததும், ஆட்சேபணை இல்லை என்று அவரிடம் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்க நானே போனேன். கையெழுத்துப் போட்டார், ஆனால் ஆதார் நகல் வாங்க மறந்துவிட்டேன். அடுத்த வாரம் மறுபடியும் பெங்களூர். ஒரு தாளுக்காக இரண்டு நாள் போனது. பிறகு வரியின் பெயர் மாற்றம், வணிகக் கட்டடமாக மாற்றம், வாடகை ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதுவது. மின் கட்டண விகித மாற்றமும் ஊராட்சியின் தொழில் உரிமமும் அதன் பிறகு தடையில்லாமல் முடிந்தன.

இதற்கு நடுவில் உணவு உரிமம். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் 100 ரூபாய் கட்டிப் பதிவுச் சான்று வாங்கினால் போதும் என்பது அப்போதைய விதி. அதைத்தான் வாங்கச் சொன்னார் ஓர் இடைத்தரகர். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு நாளைக்கு 3,300 ரூபாய் விற்றாலே வருடத்தில் 12 லட்சத்தைத் தாண்டிவிடும். ஆகவே மாநில உரிமத்துக்கே விண்ணப்பிக்கச் சொன்னேன். கட்டணம் வருடத்துக்கு 2,000. அவர் என்னிடம் வாங்கியது 6,000.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. விண்ணப்பத்தில் என் கைபேசி எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் பதிலாகத் தன்னுடையதைப் போட்டுவிட்டார். 'வாடகை ஒப்பந்தத்தில் உள்ள உரிமையாளர் பெயரும் வரி ரசீதில் உள்ள பெயரும் பொருந்தவில்லை' என்று அலுவலகம் கேட்ட விளக்கம் அவருக்குத்தான் போயிருக்கிறது. அவர் என்னிடம் சொல்லவே இல்லை. கெடு முடிந்து விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கட்டிய கட்டணமும் போனது. நான் விசாரிக்கப் போன அன்றுதான் இது தெரிந்தது. கையில் காலாவதியான விண்ணப்ப எண்ணை வைத்துக்கொண்டு வெளியே படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிரவே, உணவு உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் நானே கணக்குத் தொடங்கினேன். கடினமான வேலை இல்லை. தாள்கள் கையில் இருந்தால் இரண்டு மணி நேரம். யாரிடம் வேலையைக் கொடுத்தாலும் கைபேசி எண்ணும் கடவுச்சொல்லும் உங்களுடையதாக இருக்கட்டும்.

ஆய்வுக்கு வந்த உணவுப் பாதுகாப்பு அலுவலர் பொறுமையாகப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, குப்பைக் கூடைக்கு மூடி, வேலையாட்களின் மருத்துவத் தகுதிச் சான்று எல்லாம் சரியாக இருந்தன. 19 கிலோ வணிக சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தார். வீட்டு சிலிண்டரைக் கடையில் வைத்தால் பறிமுதல்தான். கடைசியாக மூலையில் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளைக் காட்டி, "அதில் என்ன?" என்று கேட்டார்.

நிறுவனம் அனுப்பிய பேப்பர் கப்கள். அவர்கள் சின்னம் அச்சிட்டவை, எட்டாயிரம் கப். ஒன்றை எடுத்து விளிம்பைக் கிழித்தார். உள்பக்கத்தை நகத்தால் சுரண்டி, மெல்லிய படலம் ஒன்றை உரித்து வெளிச்சத்தில் பிடித்தார். வெங்காயத் தோல் போல இருந்தது. "இது பிளாஸ்டிக் பூச்சு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை" என்றார்.

நிறுவனத்துக்குப் போன் செய்தேன். எங்கள் கப்பில்தான் கொடுக்க வேண்டும், ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றார்கள். இந்த முறை நான் விடவில்லை. 25.06.2018 தேதியிட்ட சுற்றுச்சூழல் துறையின் அரசாணை எண் 84ஐப் பதிவிறக்கி, தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை என்ற வரியை அடிக்கோடிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். சட்டத்துக்கு எதிரான நிபந்தனைக்கு நான் கட்டுப்பட முடியாது என்று ஒரே வரி எழுதினேன். பத்தாவது நாள் பதில் வந்தது: கண்ணாடி டம்ளர் பயன்படுத்திக்கொள்ளலாம், கப்களைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். ஏழு மாதத்தில் நான் நிம்மதியாகத் தூங்கியது அன்றுதான்.

பெயர்ப் பலகையிலும் இதே கதை. தலைமையிடத்திலிருந்து வந்த ஒளிரும் பலகை முழுக்க ஆங்கிலம், ஓரத்தில் பொடி எழுத்தில் தமிழ். இங்கே தமிழ் மேலேயும் பெரிதாகவும் இருக்க வேண்டும். உள்ளூர் ஓவியரை வைத்து மாற்றினேன். அந்தச் செலவை நிறுவனம் தரவில்லை, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் கடைசியில் 14 இலக்க எண்ணோடு உரிமம் வந்தது. தீபாவளிக்கு முன்பே கடை திறந்துவிட்டேன்.

போன மாதம் பாலக்கோட்டிலிருந்து ஒருவர் வந்தார். அதே நிறுவனத்துக்கு மறுநாள் முன்பணம் கட்டப் போவதாகச் சொன்னார். இடம் பார்த்துவிட்டீர்களா என்றேன். பார்த்தாயிற்று என்றார். வரி ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.