அண்ணன் படகு

செப்டம்பர் 16, 2023, சனி

தண்ணீர் இன்னும் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டை விட்டு இறங்கவில்லை. டெக்ஸோமா ஏரியில், ஐசனோவர் பார்க் சரிவில் இருட்டோடு படகை இறக்கி, அணைக்கு முன்னால் வெயில் ஏறும் வரை சுற்றினோம். மேலே ஒரு சலனம் இல்லை. கீழே நாற்பது அடியில் மீன் கூட்டமாய் நிற்பது திரையில் தெரிகிறது. "அங்கதான் இருக்குல்ல சித்தப்பா, பின்ன ஏன் மேல போடுறோம்?" என்றாள் பாப்பா. உங்கப்பனைக் கேளு என்றேன்.

அண்ணனுக்கு ஆழத்தில் ஈயத்தை இறக்கி ஏற்றுவது மீன்பிடிப்பதில் சேர்த்தியே இல்லை. கிணத்துல பாதாளக்கரண்டி போடுற வேலை என்பான். மீன் மேலே வந்து அடிக்க வேண்டும், அதை நாம் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஏழேகாலுக்கு வாட்ஸ்அப். காத்து எங்கேர்ந்து? தெக்கு. எவ்வளவு? அஞ்சு, ஆறு மைல். அணைல தண்ணி விடுறானா? தெரியலை. "தெரியலைன்னா என்னத்துக்குப் போன?"

படகு சும்மா நிற்கக் கூடாது, எஞ்சின் கெட்டுவிடும் என்று அனுப்பியவனே அவன்தான்.

செப்டம்பர் 18, திங்கள்

அண்ணனுக்கு என் மஜ்ஜை பொருந்துமா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள், குழாய் குழாயாக. கன்னத்துக்குள்ளும் பஞ்சால் தேய்த்து எடுத்துக்கொண்டார்கள். பத்து நாள் ஆகுமாம்.

செப்டம்பர் 23, சனி

புரட்டாசி முதல் சனிக்கிழமை. அண்ணி தளிகை போட்டாள். மாசம் முடியும் வரை வீட்டு வாசலுக்குள் மீன் வரக் கூடாது. படகு வரலாமா என்று கேட்டேன். கழுவிட்டு வரலாம் என்றாள்.

அம்மா ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வீடியோவில் வந்தாள். அண்ணன் தலையைப் பார்த்ததும், "என்னடே மொட்டை?" அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல், "புரட்டாசில்லா, பெருமாளுக்கு" என்றான். அம்மா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கோயிலுக்கே வராத பிள்ளை! பக்கத்து வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அண்ணி சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை.

செப்டம்பர் 28, வியாழன்

பொருந்துகிறதாம். பத்துக்குப் பத்து.

பள்ளிக்கூடத்தில்கூட நான் அவனுக்கு ஈடாக மார்க் வாங்கியதில்லை.

அக்டோபர் 7, சனி

நேற்று வடகாற்று இறங்கியது. இன்று காலை ஜாக்கெட் இல்லாமல் முடியவில்லை. வாஷிடா பாயின்ட் தாண்டி ஓக்லஹோமா பக்கம், விளிம்பு தட்டையாகச் சரிகிற இடம். (டெக்ஸோமாவுக்கென்று தனி லைசென்ஸ் இருப்பது நல்லதாயிற்று. 12 டாலர், டிசம்பர் 31 வரை, இரண்டு மாநிலத் தண்ணீருக்கும் செல்லும். இல்லையென்றால் ஏரி நடுவில் எல்லைக்கோட்டை எங்கே போய்த் தேடுவது.)

ஏழரைக்கு நாரைகள்தான் முதலில் கரையில் நெளிந்தன. அப்புறம் ஷாட் என்கிற இரைமீன் குஞ்சுகள், கைப்பிடி அரிசியை வீசின மாதிரி என்று எழுத வந்தேன், வேண்டாம். பொரிந்தன. அவ்வளவுதான். பின்னாலேயே தண்ணீர் கொதித்தது.

எஞ்சினை எட்டி நிறுத்தி, காற்று தள்ளுகிற பக்கமாக மிதந்து போனோம். உள்ளே ஓட்டிக்கொண்டு போனால் கூட்டம் கீழே போய்விடும். எலும்பு நிற ஸ்பூக்கை, மேலே மிதக்கிற பொய்மீன் லூரை, போட்டேன். கோல் நுனி தண்ணீரைப் பார்க்க, ஒரு வெட்டு, உடனே தளர்வு, ஒரு வெட்டு, தளர்வு. தளர்வு இல்லாவிட்டால் அது தலையை இடம் வலமாகத் திருப்பாது, இழுத்த இழுப்புக்கு வரும். முன்னால் கட்டுகிற நரம்பும் சாதாரணத் தங்கூசியாக இருக்க வேண்டும், அதுதான் மிதக்கும். கடையில் விலை கூட வைத்து விற்கிற ஃப்ளூரோகார்பன் மூழ்குகிற ஜாதி. லூரின் மூக்கைக் கீழே பிடித்து இழுக்கும்.

முதல் அடியில் ஸ்பூக் ஒரு முழ உயரம் எகிறியது. நான் இழுத்துவிட்டேன். பாப்பா இழுக்கவில்லை. அவள் லூரை மீன் ஒரு தடவை அடித்து, தவறவிட்டு, திரும்பி வந்து இன்னொரு தடவை அடித்தது. அப்போதும் இழுக்கவில்லை, அதே தாளத்தில் நடத்திக்கொண்டே இருந்தாள். மூன்றாவது தடவை சத்தமே இல்லை, லூர் இருந்த இடத்தில் ஒரு குழி. அப்போதுதான் கோலைத் தூக்கினாள். "அப்பா சொன்னாங்க, கண்ணால பாத்து இழுக்காத, கனம் கையில வந்தப்புறம் இழு." பதினான்கு வயசில் எங்கிருந்து வருகிறது இந்த நிதானம்? எங்கள் வம்சத்திலேயே கிடையாது. அண்ணி பக்கம்.

கைக்குக் கை மீன் வந்தது. சின்னதாக வந்த ஒன்றைப் பார்த்து ஸ்ட்ரைப்பரா சாண்ட் பாஸா என்று சண்டை. வாயைத் திறந்து நாக்கைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். நாக்கின் பின்பக்கத்தில் உப்புத்தாள் போல சொரசொரப்பான பல் திட்டு. ஸ்ட்ரைப்பருக்கு அது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வரிசை, சாண்ட் பாஸுக்கு ஒன்றே ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவி, "ரெண்டு" என்றாள். விரலை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் குளிர்ந்துவிட்டதால் விடுகிறது எல்லாம் திமிறிக்கொண்டு போகிறது. கோடையில் இவை விட்டாலும் பிழைப்பது கஷ்டம்.

எல்லாவற்றையும் விட்டோம். புரட்டாசி. பக்கத்துப் படகுக்காரர் எங்களைப் பார்த்த பார்வை.

அக்டோபர் 8, ஞாயிறு

தோள்பட்டை வலி. சுகமான வலி.

அண்ணனுக்கு வீடியோ அனுப்பினேன். பதில்: "உன் தளர்வு பத்தாது."

அக்டோபர் 14, சனி

மகாளய அமாவாசை, அதோடு சூரிய கிரகணம். ஏரிக்குப் போகவில்லை. அண்ணன் அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ணியே தீருவேன் என்றான். டாக்டர் சொன்னதற்காக எள்ளுக்கு பாட்டில் தண்ணீர், அதையும் அண்ணி காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தாள்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வெளிச்சம் ஒரு மாதிரி மங்கியது. சான் அன்டோனியோவில் முழு வளையம், எங்களுக்கு அரைகுறைதான். பாப்பா பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி ஓட்டை போட்ட இட்லித் தட்டை வெயிலில் பிடித்தாள். படகு மேல் போர்த்தியிருந்த சாம்பல் நிறத் தார்ப்பாயில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பிறை, வரிசை வரிசையாக. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முகக்கவசத்தோடு உட்கார்ந்து பார்த்தான். கை நடுங்கித் தட்டு ஆடினால் பிறை எல்லாம் சேர்ந்து ஆடும். "வாய்க்கால்ல கெண்டைக் குஞ்சு" என்றான்.

அப்புறம் தார்ப்பாயைத் தூக்கி, பின்புறத்து அடைப்பான் கழன்று கிடக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். கழற்றித்தான் வைத்திருக்கிறேன். ஏரியை விட்டுக் கிளம்பும்போதே தண்ணீரை முழுசாக வடித்துவிட வேண்டும், சட்டம். அந்தத் தண்ணீரோடு ஏரிக்கு ஏரி பரவுகிற வரிச்சிப்பிகள் டெக்சாஸில் முதலில் குடியேறியது டெக்ஸோமாவில்தான், 2009இல். சொன்னேன். கேட்டுக்கொண்டான். பத்து நிமிஷம் கழித்து மறுபடி, "அடைப்பானைக் கழட்டினியா?"

அக்டோபர் 18, புதன்

ஐப்பசி ஒன்று. காலையில் அண்ணனை மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. பாப்பாவை அந்தத் தளத்துக்குள் விட மாட்டார்களாம்.

அக்டோபர் 21, சனி

ஊசி நேற்று ஆரம்பம். எலும்புக்குள்ளே இருப்பதை ரத்தத்துக்குத் துரத்திவிடுகிற ஊசி. இடுப்பும் முதுகும் விண்விண் என்கின்றன. படுத்தால் ஒரு வலி, உட்கார்ந்தால் வேறு. மணி இரண்டு.

தூக்கம் வராமல் ஏரியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இது ஏரியே இல்லை. ரெட் ஆற்றையும் வாஷிடாவையும் டெனிசனில் மறித்துக் கட்டிய அணை, 1944இல் முடிந்தது. காடு வெட்ட ஜெர்மன் போர்க்கைதிகளைக் கொண்டுவந்தார்கள். பழைய உட்வில், ஹாகர்மன் ஊர்களெல்லாம் அடியில். நாங்கள் ஸ்பூக் நடத்துகிற இடத்துக்குக் கீழே யாருடைய திண்ணையோ.

ஸ்ட்ரைப்பரும் இந்த ஊர் மீன் இல்லை. அட்லாண்டிக் மீன், முட்டையிட மட்டும் ஆறு ஏறி வரும். தென் கரோலினாவில் அணை கட்டியபோது உள்ளே மாட்டிக்கொண்டவை செத்துவிடும் என்று நினைத்தார்களாம். அவை பெருகின. இங்கே 1965இல் விட ஆரம்பித்து 1974இல் நிறுத்திக்கொண்டார்கள், அதற்குப் பிறகு தானாகவே இனம் பெருக்குகிறது. எல்லா ஏரியிலும் அது நடக்காது. முட்டை தண்ணீரைவிட லேசாகக் கனம், பொரிய இரண்டு நாள் ஆகும். அதுவரை ஓட்டம் அதைத் தூக்கிக்கொண்டே போக வேண்டும். ஓட்டம் நின்றால் அடியில் போய் வண்டலில் மூச்சடைத்துவிடும். ரெட் ஆறும் வாஷிடாவும் அந்த இரண்டு நாளைக்குப் போதுமான நீளம். ஆற்றுப் படுகையில் உப்பு வேறு. கடலிலிருந்து வந்ததற்கு ஒத்துப்போய்விட்டது.

எத்தனை கோடி முட்டை. மணி மூன்றாகிறது. இன்னொரு டைலனால் போடலாமா?

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. அண்ணி காரோடு சேர்த்துப் படகுக்கும் போடணும் என்றாள். எஞ்சின் மூடியில் சந்தனம் குங்குமம், ஸ்டியரிங்குக்குப் பூ, ட்ரெய்லர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். தூண்டில் கோல்களைச் சுவரில் சாத்தி ஒவ்வொன்றுக்கும் பொட்டு. லூர் பெட்டியைத் திறந்து வைத்தோம். பாப்பா எலும்பு நிற ஸ்பூக்குக்கும் பொட்டு வைத்தாள், சரியாகக் கண்ணுக்கு மேலே. அழிக்காதீங்க, சிவப்பு நல்லது என்றாள்.

ட்ரெய்லரை ஒரு அடி முன்னால் இழுத்து எலுமிச்சம்பழத்தை நசுக்கினேன். இடுப்பு போயே போயிற்று.

ராத்திரி பேஸ்பாலில் ரேஞ்சர்ஸ் ஜெயித்து வேர்ல்ட் சீரிஸுக்குப் போய்விட்டார்கள். மருத்துவமனையிலிருந்து அண்ணன் ஒரு குறுஞ்செய்தி: "ஆகா."

அக்டோபர் 25, புதன்

என் ரத்தத்தை ஒரு கையில் எடுத்து, சுற்றி, மறு கையில் விட்டார்கள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மூக்கைச் சொறியக்கூட நர்ஸ்தான். கடைசியில் ஒரு பை. கைக்குள் அடங்குகிற பை.

சாயங்காலமே அதை அண்ணனுக்கு ஏற்றிவிட்டார்கள்.

பாப்பா: "அப்பாவுக்கு இனிமே உங்க ப்ளட் குரூப்பா?" ஆமாம், கொஞ்ச நாளில் மாறிவிடும். யோசித்துவிட்டு, "அப்ப அப்பாவும் அவசரப்பட்டு இழுப்பாங்களா?"

நவம்பர் 1, புதன்

அண்ணனுக்கு வெள்ளணுக் கணக்கு பூஜ்யம். எதிர்பார்த்ததுதான் என்கிறார்கள். ரேஞ்சர்ஸ் கோப்பை வாங்கிவிட்டார்கள், முதல் தடவை. கார்களெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன.

நவம்பர் 4, சனி

எனக்குக் கனம் தூக்கக் கூடாது, மண்ணீரல் வீங்கியிருக்கலாம் என்று தடை. பாப்பாதான் ஓட்டினாள். போட்டர் எஜுகேஷன் (படகோட்டிப் பயிற்சி) அட்டையைக் கோடையிலேயே வாங்கிவிட்டாள். நான் பயணி.

கடற்புறாக்கள் வந்துவிட்டன. தண்ணீர்மேல் உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை, எழுந்து வட்டமடித்தால் ஓடு. பிளாட்டர் பக்கம் அடித்துப் பிடித்துப் போய், பாப்பா சரியான தூரத்தில் நிறுத்தி, பொட்டு வைத்த ஸ்பூக்கை எடுத்து இரண்டு வீச்சு வீசியிருப்பாள். ஒரு வழிகாட்டியின் படகு, ஆறு வாடிக்கையாளர்களோடு, நேரே கூட்டத்தின் நடுவில் ஓட்டிக்கொண்டு வந்தது. பறவைகள் கலைந்தன. எல்லாம் முடிந்தது. இவர்களுக்குச் சோறு போடுவது இந்தக் கூட்டம்தானே, அதன் தலைமேலேயே ஏறி ஓட்டுகிறார்கள். பாப்பா கையைத் தூக்கி எதையோ காட்டினாள். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அணைக்குத் திரும்பிப் பாறையோரமாகப் போட்டோம். ஸ்மால்மவுத் பாஸ் ஒன்று, பித்தளை நிறம், சிவந்த கண். கரைக்கும் எங்களுக்கும் நடுவில் இரண்டு தடவை குதித்தது. ஸ்ட்ரைப்பர் குதிக்காது, இழுத்துக்கொண்டு ஓடும்.

புரட்டாசி முடிந்துவிட்டதே என்று நாலு ஸ்ட்ரைப்பர் எடுத்துக்கொண்டோம். பத்து வரை எடுக்கலாம், 20 அங்குலத்துக்கு மேல் இரண்டுதான். பெட்டியில் போட்டதைப் பிறகு பெரிசு வந்ததென்று மாற்றவும் முடியாது. செதில் எடுத்து, தோல் உரித்து, பக்கவாட்டுச் சிவப்புச் சதையை வழித்து எறிந்துவிட வேண்டும், வாடை முழுக்க அதில்தான். அண்ணி புளியும் தேங்காயும் அரைத்துக் குழம்பு வைத்தாள். அவனுக்குக் கொண்டுபோக முடியாது. அவள் சாப்பிடவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியாயிற்று. இந்த வாரத்தில் எனக்கு வேண்டாத ஒரே விஷயம் இன்னொரு மணி நேரம்.

நவம்பர் 8, புதன்

100க்குக் கீழே. வாயெல்லாம் புண், பேச முடியவில்லை. பெருவிரல் படம் மட்டும் அனுப்பினான்.

யாராவது இன்னொரு தடவை "பாசிட்டிவா இருங்க" என்று சொன்னால் அறைந்துவிடுவேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. ஐந்தரைக்கே எண்ணெய் வைத்துக் குளித்தோம். அம்மாவோடு வீடியோ, அண்ணனையும் சேர்த்து. படுக்கையைத் தெரியாமல் சுவரோரமாகக் காமிராவை வைத்திருந்தான். அம்மா வெகுநேரம் பார்த்தாள். "மொட்டை போட்டு ரெண்டு மாசம் ஆகப்போகுதே. முடி ஏன் இன்னும் வரலை?"

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணி போனைப் பிடுங்கி, "அத்தை, அதிரசம் எண்ணெயில போட்டதும் பிரிஞ்சு போகுது, பாகு எந்தப் பதத்துல எடுக்கணும்?" என்று ஆரம்பித்துவிட்டாள். அம்மா சொன்னாள். முழுசாகச் சொன்னாள், வெல்லத்திலிருந்து. அண்ணி எழுதிக்கொண்டாள்.

நாங்கள் இந்த வருஷம் அதிரசமே சுடவில்லை.

நவம்பர் 13, திங்கள்

210.

நவம்பர் 14, செவ்வாய்

390. அண்ணி காகிதத்தில் கோடு போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். பாப்பா அதன் பக்கத்தில் தண்ணீரின் சூட்டையும் எழுதி வைத்திருக்கிறாள். ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. தண்ணீர் இன்னும் கொஞ்சம் இறங்கினால் மேலே அடிப்பது நின்றுவிடும்.

நவம்பர் 15, புதன்

640. ஐநூறுக்கு மேல் மூன்று நாள் தொடர்ந்து நிற்க வேண்டுமாம். இன்று முதல் நாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னாளாம். நான் அண்ணியிடம் ஒன்றும் சொல்லவில்லை, பாப்பா சொன்னதுதான் ஓடிக்கொண்டிருந்தது, கனம் கைக்கு வரட்டும்.

அண்ணன் தட்டச்சினான்: "சனிக்கிழமை காத்து?" தெற்கு என்று போட்டிருக்கிறது. ட்ரோலிங் மோட்டார் பேட்டரியை இன்றே சார்ஜில் போட வேண்டும், இடது பக்கத்து விளக்கும் எரியவில்லை, ஃப்யூஸ்