செட்டிநாட்டு ஆற்றை ஆய்வுத் திட்டமாக எடுப்பவர்களுக்கு: கண்மாயில் தொடங்குங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்துக் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டத்துக்கு ஆற்றுப் பாதுகாப்பு, நீர்ப் பயன்பாடு என்று பொருள் கொடுத்தால், பாதிப் பேர் வைகையை எழுதிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். வைகை செட்டிநாட்டுக்குள் ஓடவே இல்லை. அது திருப்புவனம், மானாமதுரை வழியாக இராமநாதபுரம் போகிறது. நம் பக்கத்து ஆறுகள் தேனாறு, மணிமுத்தாறு, விருசுளியாறு, பாம்பாறு. தமிழகத்தின் 17 ஆற்று வடிநிலங்களில் ஒன்றான பாம்பாறு–கோட்டக்கரையாறு வடிநிலம்தான் நம்முடையது. இந்த ஆறுகள் வருடத்தில் பெரும்பகுதி வெறும் மணலாகவும் சீமைக்கருவேலாகவும் கிடக்கும். மழைக்குச் சில நாள் ஓடும், ஓடிய தண்ணீர் கண்மாய்களில் போய் நிற்கும். ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். ஆக, இங்கே ஆற்றை ஆராய்வது என்றால் கண்மாய்த் தொடரை ஆராய்வதுதான்.

தலைப்பை அதற்கேற்பச் சுருக்குங்கள். ஒரு கண்மாய், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், மறுகால் போய்ச் சேரும் அடுத்த கண்மாய், அதே ஊரின் ஊருணி (குடிநீர்க் குளம்) ஒன்று. நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கல்விப் பருவத்தில் இதற்கு மேல் தாங்காது. ‘சிவகங்கை மாவட்ட நீர்வளம்’ என்று தலைப்பு வைத்தவர்கள் கடைசியில் இணையத்திலிருந்து அட்டவணைகளை ஒட்டித்தான் பக்கம் நிரப்புகிறார்கள். வாய்மொழித் தேர்வில் முதல் ஐந்து நிமிடத்திலேயே அது தெரிந்துவிடும்.

காலக்கணக்கைப் பலர் யோசிப்பதே இல்லை. மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 900 மி.மீ. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில் விழுகிறது. டிசம்பரில் தொடங்கும் கல்விப் பருவம் இந்த வேலைக்குக் கச்சிதம்: ஜனவரியில் நிறைந்த கண்மாயில் ஒரு முறை நீர் மாதிரி, வற்றிவரும் ஏப்ரலில் இன்னொரு முறை, காய்ந்த உள்வாயில் (கண்மாயின் நீர் நிற்கும் உட்பகுதியில்) மட்ட அளவீடு. ஜூனில் தொடங்கும் கல்விப் பருவமானால் வரிசையை மாற்றுங்கள். அப்போது கண்மாய் காய்ந்திருக்கும், எனவே வரத்துக்காலின் நிலையையே ஆய்வுப் பொருளாக வையுங்கள். நவம்பரில் தண்ணீர் வந்தால் லாபம், வராவிட்டாலும் அறிக்கை நிற்கும்.

முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது கடிதங்கள். துறைத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதம் இல்லாமல் எந்த அலுவலகத்திலும் பேச்சு நகராது. யாரிடம் போவது என்பது ஆயக்கட்டை, அதாவது கண்மாய் நீர் பாயும் வயல் பரப்பைப் பொறுத்தது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத்துறையின் பொறுப்பு, அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. நீர்வளத்துறைக் கண்மாய் என்றால் உதவிப் பொறியாளரிடம் ‘டேங்க் மெமாயர்’ கேளுங்கள். கொள்ளளவு, முழு நீர்மட்டம், மடைகளின் (வயலுக்கு நீர் திறக்கும் வாய்களின்) எண்ணிக்கை, கலுங்கின் (மறுகால் வழியும் அணையின்) நீளம், ஆயக்கட்டு எல்லாம் அதில் இருக்கும். ஒன்றியக் கண்மாய்க்கு இவ்வளவு பதிவு பெரும்பாலும் கிடைக்காது. எந்த அலுவலகமாவது பதிவைத் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போடலாம். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. மார்ச்சில் மனுப் போட்டுவிட்டு ஏப்ரலில் அறிக்கை கொடுக்கத் திண்டாடுவது வருடா வருடம் நடக்கிறது.

கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு (நிலப் பதிவேடு), கிராம வரைபடம், அடங்கல் (சாகுபடிப் பதிவேடு) மூன்றையும் பாருங்கள். அடங்கலில் ஆண்டு பசலியில் இருக்கும்: ஜூலை முதல் ஜூன் வரை ஒரு பசலி, 2024–25 என்றால் பசலி 1434. பத்துப் பசலிகளின் சாகுபடிப் பரப்பை எடுத்து அதே ஆண்டுகளின் மழை அளவோடு ஒரே வரைபடத்தில் போட்டால், அறிக்கையின் உருப்படியான பக்கங்களில் ஒன்று தயார். ஒரு எச்சரிக்கை: பதிவேட்டில் உள்ள கண்மாய்ப் பரப்பு வேறு, இன்று தண்ணீர் நிற்கும் பரப்பு வேறு. இரண்டையும் ஒன்றாக எழுதிவிட்டால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் தவறாகும்.

வரத்துக்காலை நடந்து பார்ப்பது

இதைத் தவிர்த்துவிட்டுக் கணினியில் முடிக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம். 30 மீட்டர் செயற்கைக்கோள் உயர மாதிரியைப் போட்டு நீரோட்டக் கோடுகளை மென்பொருளே வரையட்டும் என்று விடுவார்கள். செட்டிநாட்டுத் தரை கிட்டத்தட்டத் தட்டை. அந்தத் தரவின் உயரப் பிழையோ சில மீட்டர். அதனால் கோடு கண்மாய்க் கரையைக் குறுக்கே கடந்து போகும், மென்பொருளும் தயங்காமல் வரைந்து கொடுக்கும். நீர் நின்ற பரப்பை ஆண்டுவாரியாகப் பார்க்க சென்டினல்-2 படங்கள் நன்றாகவே உதவும். பச்சைப் பட்டையும் அண்மை அகச்சிவப்புப் பட்டையும் 10 மீட்டர் துல்லியத்தில் கிடைக்கின்றன. கால்வாய்க்கு அது போதாது, கால்தான் வேண்டும்.

கண்மாயிலிருந்து மேல்நோக்கி நடங்கள். மேலிருந்து கீழே வந்தால் கால் பிரியும் இடங்களில் எது உங்கள் கண்மாய்க்குப் போவது என்று குழம்பும். 100 மீட்டருக்கு ஒரு முறை மேல் அகலம், அடி அகலம், ஆழம் மூன்றையும் 30 மீட்டர் டேப்பால் அளந்து, கைப்பேசியில் இடக்குறிப்பு எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் ஒன்று நிற்கட்டும். சாலை குறுக்கிடும் இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். குழாய்ப் பாலத்தின் அடிமட்டம் கால்வாயின் அடிமட்டத்தைவிட உயரமாக இருந்தால், அந்த உயரத்துக்குத் தண்ணீர் தேங்கிய பிறகுதான் அப்பால் போகும், சிறு மழையின் நீர் முழுதும் அங்கேயே நின்றுவிடும். கொத்தனார்கள் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலே இந்த வித்தியாசத்தைக் காட்டிவிடும். ஆக்கிரமிப்பு, சீமைக்கருவேல் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். பாலத்தின் மட்டத்தை அளப்பவர்கள் குறைவு, மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

ஆக்கிரமிப்பைக் குறிக்கும்போது நீளத்தையும் அகலக் குறைவையும் மட்டும் எழுதுங்கள். யாருடைய வேலி, யாருடைய தென்னை என்பது மாணவர் அறிக்கைக்கு வேண்டாத வம்பு.

கால் ஓடும் நாள் வாய்த்தால் மிதவை முறையில் ஓட்டத்தை அளக்கலாம். நேராக ஓடும் 10 மீட்டர் துண்டைத் தேர்ந்து, பாதி தண்ணீர் நிரப்பி மூடிய சிறு பாட்டிலை விடுங்கள். ஐந்து முறை விட்டுச் சராசரி எடுங்கள். மேற்பரப்பு வேகம் சராசரி வேகத்தைவிட அதிகம் என்பதால் 0.85 ஆல் பெருக்க வேண்டும். அகலம் 1.5 மீ, சராசரி ஆழம் 0.3 மீ, 10 மீட்டரைக் கடக்க 25 விநாடி என்றால் விநாடிக்கு சுமார் 153 லிட்டர், அதாவது 5.4 கன அடி. 0.85 ஐ மறந்தால் 180 லிட்டர் வரும்.

கொள்ளளவுக் கணக்கு

பரப்பையும் கரையோர ஆழத்தையும் நேரே பெருக்குவது மிகப் பரவலான தவறு. கண்மாய் கரை ஓரத்தில் ஆழமாகவும் உள்வாய் நோக்கி மேலேறிப் பூஜ்யமாகவும் இருக்கும். எனவே உண்மைக் கொள்ளளவு அந்தப் பெருக்கலின் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையே விழும். 20 ஹெக்டேர், கரையோரம் 2.4 மீ ஆழம் என்றால் பெருக்கல் 4,80,000 கன மீட்டர் காட்டும். நிஜம் 1,60,000 முதல் 2,40,000 வரை. சரியாகச் சொல்ல வேண்டுமானால் காய்ந்த பிறகு ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவி வைத்து 25 மீட்டர் கட்டங்களில் மட்டம் எடுங்கள். குடிமைப் பொறியியல் துறையில் கருவி இரவல் கிடைக்கும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது, அதைத் தனியாகக் கழியுங்கள்.

அலகு மாற்றங்களை அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு மில்லியன் கன அடி என்பது சுமார் 2.83 கோடி லிட்டர், ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் தண்ணீர் ஒரு கோடி லிட்டர். அதே 20 ஹெக்டேர் நீர்ப்பரப்பில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் 10 லட்சம் லிட்டர் போகிறது. பாசனத்துக்குத் திறந்ததையும் ஆவியானதையும் பிரித்துக் காட்டாத நீர்ச் சமன்பாட்டைத் தேர்வாளர் ஏற்கமாட்டார்.

நீரின் தரம்

ஊருணியின் படிக்கட்டு ஓரத்தில் மாதிரி எடுக்காதீர்கள். சற்று உள்ளே, மேற்பரப்பிலிருந்து 30 செ.மீ. கீழே எடுங்கள். பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசுங்கள். நுண்ணுயிர்ச் சோதனைக்கான கிருமிநீக்கிய பாட்டிலை மட்டும் அலசக் கூடாது. பி.எச்., கரைந்த ஆக்சிஜன், வெப்பநிலை மூன்றும் கரையிலேயே அளக்க வேண்டியவை. கல்லூரிக்குக் கொண்டுபோய் மறுநாள் அளந்த பி.எச். குப்பை. மற்றவை 4 டிகிரி குளிரில் பயணம் செய்யட்டும்.

நம் பக்கம் செம்பூராங்கல் தரை, பல கிணறுகளில் இரும்பு உண்டு. எடுத்தபோது தெளிவாக இருந்த நீர் ஆய்வகம் போகும்போது செம்மஞ்சளாக மாறியிருக்கும், இரும்பு படிந்துவிட்டது என்று பொருள். அதன்பின் அளந்தால் குறைத்துக் காட்டும். இரும்புக்குத் தனிப் பாட்டில் வைத்து, எடுத்த உடனே நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். ஐ 2 க்குக் கீழே இறக்குங்கள்.

கடினத்தன்மைக்கு ஈ.டி.டி.ஏ. தரம்பார்த்தலில் பி.எச். 10 இடைதாங்கலைச் சேர்க்காவிட்டால் ஒயின் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும் முடிவுப்புள்ளி மங்கும். கலங்கிய ஊருணி நீரை முதலில் வடிகட்டுங்கள். ஒப்பிட வேண்டியது குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம், அளவுகள் லிட்டருக்கு மில்லிகிராமில்: கரைந்த திடப்பொருள் 500, வேறு ஆதாரம் இல்லாதபோது 2000 வரை, மொத்தக் கடினத்தன்மை 200, அதிகபட்சம் 600, ஃப்ளோரைடு 1.0, அதிகபட்சம் 1.5, நைட்ரேட் 45, இதற்குத் தளர்வு கிடையாது. பாசன நீரை இந்தத் தரத்தோடு ஒப்பிட்டு ‘தகுதியற்றது’ என்று எழுதுவது சிரிப்புக்கிடம். முக்கிய அயனிகள் எல்லாவற்றையும் அளந்திருந்தால் நேர், எதிர் அயனிகளின் மில்லிசமானக் கூட்டுத்தொகையைச் சரிபாருங்கள். வித்தியாசம் 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஏதோ ஒரு சோதனை தவறு.

வீடுகளில் கேட்பது

‘ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் செலவு?’ என்று கேட்டால் வாயில் வந்த எண்தான் பதில். எத்தனை குடம், மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேளுங்கள். குடத்தையும் குழாய் வாளியை நிரப்பும் நேரத்தையும் நீங்களே அளங்கள். விவசாயிகளிடம் ‘நீர்வரத்து எப்படி?’ என்பதைவிட ‘ஐயா, கடைசியா எந்த வருசம் கண்மாய் மறுகால் போச்சு?’ என்ற ஒரு கேள்வி நிறையச் சொல்லும். அந்த வருடத்தை மழைப் பதிவோடு ஒப்பிடலாம். கிடைத்தால் மடை திறந்து நீர் பங்கிடும் நீர்பாய்ச்சியைத் தனியாகச் சந்தியுங்கள். எந்த மடை எப்போது திறந்தது என்பது அவருக்கு மனப்பாடம்.

மாதிரி வீடுகளைத் தேர்வதில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. வரி ரசீதுப் பட்டியலில் 600 வீடு இருக்கும், பாதி பெரிய வீடுகள் பூட்டியிருக்கும், காவலுக்கு ஒருவர் மட்டும் இருப்பார். குடியிருக்கும் வீடுகளை முதலில் எண்ணி, அந்த எண்ணிக்கையிலிருந்து மாதிரி எடுங்கள். 10 விழுக்காடு பிழையளவில் 600 வீட்டுக்கு 86, 300 வீட்டுக்கு 75. கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று ஊர் கூடும் வாரங்களில் கணக்கெடுத்தால் சராசரி ஏறிவிடும். அந்த வாரங்களைத் தவிர்க்கலாம், அல்லது தனி அட்டவணையாகக் காட்டலாம். கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் விடுதிகளாகிவிட்ட வீடுகளைக் குடும்பங்களோடு சேர்க்காதீர்கள்.

முற்றத்து மழைநீரையும் கணக்கில் சேர்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை ஒரு லிட்டர். 300 சதுர மீட்டர் ஓட்டுக் கூரை, 900 மி.மீ. மழை, 0.8 வழிந்தோட்டக் குணகம் என்றால் ஆண்டுக்கு 2,16,000 லிட்டர். ஆச்சிகளிடம் அண்டாவில் பிடித்த காலத்தைப் பற்றிக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அளக்காததை அளந்ததாக எழுதாதீர்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு மூலக் களத்தாள்களை, மழையில் நனைந்து மை கரைந்திருந்தாலும், பின்னிணைப்பாகக் கட்டிக் கொண்டுபோங்கள். தேர்வாளர்கள் பெரும்பாலும் கேட்பவை: ஏன் இந்தக் கண்மாய், இரு முறையும் அதே இடத்தில்தான் மாதிரி எடுத்தீர்களா, மின்கடத்துத் திறனிலிருந்து திடப்பொருளுக்கு மாற்ற எந்தக் குணகம். கடைசிக் கேள்விக்கு ‘மீட்டர் காட்டியது’ என்று சொல்லாதீர்கள். மலிவுக் கருவிகள் பெரும்பாலும் 0.5 வைத்திருக்கும், பாடநூல்கள் 0.64 என்னும். உங்கள் கருவியின் கையேட்டில் பார்த்து எண்ணை அட்டவணைக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.